குந்திரிக்க எண்ணெய் வடித்தல்: பிசின் வாங்குவது முதல் பாட்டில் மூடுவது வரை

ஒரு கிலோ நல்ல குந்திரிக்கப் பிசினை (பறங்கிச் சாம்பிராணி என்பதும் இதுதான்) வடித்தால் ஏறக்குறைய 40 முதல் 70 மில்லி எண்ணெய் கிடைக்கும். கை தேர்ந்தவர்களுக்கும் அவ்வளவுதான். அப்படியானால் 10 மில்லி பாட்டில் ஒன்றுக்கு 150 முதல் 250 கிராம் பிசின் செலவாகிறது. ஏற்காட்டுக் கடையிலோ இணையத்திலோ ஒரு பாட்டிலைப் பார்த்தால் முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ குந்திரிக்கம் என்ன விலை என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் விலை அதற்கும் கீழே இருந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் வேறு ஏதோ.

இரண்டாவதாக ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இது புரியாமல்தான் புதிதாக வருபவர்கள் பணத்தை விடுகிறார்கள். குந்திரிக்கம் மூன்று பொருள்களின் கலவை. நீராவியோடு பறக்கும் எண்ணெய் 5 முதல் 9 சதவீதம். தண்ணீரில் கரையும் கோந்து கால் பங்கை ஒட்டி. மீதி, பாதிக்கும் மேல், தண்ணீரில் கரையாத கெட்டி ரெசின். மூட்டு வலிக்கு நல்லது என்று ஆய்வுகளில் பேசப்படும் போஸ்வெல்லிக் அமிலங்கள் அந்தக் கெட்டி ரெசினில் இருப்பவை. எண்ணெயில் மணம் தரும் பைனீன் என்ற பொருளின் மூலக்கூறு எடை 136; போஸ்வெல்லிக் அமிலங்களுக்கு 450க்கு மேல். அவ்வளவு கனமானதை நீராவி தூக்காது. ஆகவே 'போஸ்வெல்லிக் அமிலம் நிறைந்த குந்திரிக்க எண்ணெய்' என்று லேபிளில் கண்டால் ஒன்று அது வடித்த எண்ணெய் இல்லை, அல்லது எழுதியவருக்கு விஷயம் தெரியவில்லை. எண்ணெய் மணத்துக்கானது. மூட்டுவலிக்கு மாத்திரை வேண்டுமென்றால் அது மருத்துவரிடம் பேச வேண்டிய வேறு சமாச்சாரம். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்ற பேச்சைக் காதில் வாங்கவே வேண்டாம். இப்படிப்பட்ட பிரச்சாரத்துக்காகத்தான் 2014இல் அமெரிக்காவின் உணவு, மருந்துத் துறை நறுமண எண்ணெய் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

மரம் எங்கே, பிசின் எங்கிருந்து

போஸ்வெல்லியா என்ற பேரினத்தின் மரங்கள் இவை. ஓமன், ஏமன், சோமாலியா பக்கம் வளர்வது போஸ்வெல்லியா சாக்ரா. அரபு வணிகர்கள் லுபான் என்பது இதைத்தான். ஓமனின் தோபார் பகுதியில் இந்தப் பிசின் வணிகம் நடந்த இடங்களை யுனெஸ்கோ 2000இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எத்தியோப்பியா, எரித்திரியா, சூடான் பகுதியில் போஸ்வெல்லியா பாப்பிரிஃபெரா. நம் நாட்டுக்கு உரியது போஸ்வெல்லியா செர்ராட்டா. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், குஜராத், சத்தீஸ்கர் ஆகியவற்றின் வறண்ட பாறைக் குன்றுகளில் ஏராளமாக உண்டு. தமிழ்நாட்டின் வறண்ட மலைச்சரிவுகளிலும் தென்படும். கடைக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி வடக்கிலிருந்து வருவது. மொத்த வியாபாரிகள் சலாய் குக்குல் என்றும் சொல்வார்கள்.

மணத்தில் இவை ஒன்றல்ல. சாக்ரா எண்ணெயில் ஆல்ஃபா பைனீன் மிகுதி, அதனால் எலுமிச்சை கலந்த ஊசியிலை மணம். செர்ராட்டாவில் பெரும்பாலும் ஆல்ஃபா துஜீன் முன்னால் நிற்கும். மணம் கொஞ்சம் காரமாக, பச்சையாக இருக்கும். பாப்பிரிஃபெராவில் ஆக்டைல் அசிடேட் மிகுதி என்பதால் பழவாசனை அடிக்கும். பாட்டிலில் தாவரப் பெயரும் நாடும் இல்லையென்றால் எதை வாங்குகிறோம் என்றே தெரியாது. முதல் முறை வடிப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை செர்ராட்டா. விலை குறைவு, சேலத்திலேயே கிடைக்கும், கெடுத்துவிட்டாலும் மனம் அதிகம் பதறாது.

மரத்தில் பட்டையை ஆழமில்லாமல் சீவி, வழியும் பாலைக் காயவிட்டுச் சுரண்டி எடுப்பார்கள். வட இந்தியாவில் மழை ஓய்ந்த பிறகு தொடங்கி அடுத்த மழைக்கு முன் முடித்துவிடுவார்கள். மரத்துக்கு ஓய்வு தராமல் ஆண்டுதோறும் சீவினால் விதை பிடிப்பது குறையும். எத்தியோப்பியாவில் மேய்ச்சலும் தீயும் சேர்ந்து இளங்கன்றுகளே எழாத காடுகள் உண்டு. இதைப் படித்துவிட்டு சேர்வராயன் மலைச்சரிவில் மரம் தேடிக் கத்தியோடு கிளம்ப வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதியின்றிப் பிசின் எடுப்பது வனச்சட்டப்படி குற்றம். மலையில் வாழும் பழங்குடி மக்களுக்குச் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தருகிறது. கீழேயிருந்து போகிறவர்களுக்கு அது பொருந்தாது.

கடையில் கேட்கும்போது

குழப்பம் தொடங்குவதே இங்கேதான். சாம்பிராணி என்று கேட்டால் கடைக்காரர் நாலைந்து பொருளில் எதை வேண்டுமானாலும் எடுத்துத் தருவார், அவர் மேல் தப்பில்லை. 'குந்திரிக்கம்' அல்லது 'பறங்கிச் சாம்பிராணி' என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் சாம்பிராணி, கப் சாம்பிராணி எல்லாம் கரித்தூளும் வாசனையும் சேர்த்து அழுத்தியவை, வடிக்க உதவாது. ஸ்டைராக்ஸ் மரத்தின் சாம்பிராணி, வெனிலா மணம் உள்ளது, தென்கிழக்காசியச் சரக்கு. அதை நீராவியில் வடித்தால் உருப்படியாக எண்ணெய் வராது. அந்தப் பெயரில் பாட்டிலில் விற்பது பெரும்பாலும் ஸ்பிரிட் போன்ற கரைப்பானில் எடுத்த சாறு. குங்கிலியம், கருங்குங்கிலியம் வேறு மரங்களின் பிசின்கள். புகைக்கு அருமை, ஆனால் நாம் தேடும் எண்ணெய் அவற்றில் இல்லை.

சந்தேகம் தீர ஒரு சோதனை போதும். பட்டாணி அளவு துண்டை நுணுக்கி அரை டம்ளர் தண்ணீரில் போட்டு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். குந்திரிக்கம் என்றால் கோந்து கரைந்து தண்ணீர் பால் போல வெளுக்கும். குங்கிலியமும் பைன் பிசினும் அடியில் தங்கும், தண்ணீர் தெளிவாகவே நிற்கும். இன்னொரு துண்டைத் தணலில் வையுங்கள்: கரும்புகையும் டர்பன்டைன் நெடியும் வந்தால் பைன் பிசின் கலந்திருக்கிறது.

பிறகு ஒரு கட்டியை உடைத்து உள்ளே முகருங்கள். மேலே வெள்ளைத் தூள் படிந்திருப்பது உராய்வினால், பொருட்படுத்த வேண்டாம். உடைந்த முகத்தில் மணம் பளிச்சென்று வர வேண்டும், விரலில் லேசாக ஒட்ட வேண்டும். கண்ணாடிச் சில்லு மாதிரி நொறுங்கி, மணமே இல்லாமல் இருந்தால் ஆண்டுக்கணக்கில் மூட்டையில் கிடந்த சரக்கு. எண்ணெய் பறந்துபோயிருக்கும். புகை போட எடுத்துக்கொள்ளலாம், வடிக்க வாங்காதீர்கள். பட்டைத் துண்டுகள் கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை; கைப்பிடிக்குக் கைப்பிடி பட்டையாக இருந்தால் எடையில் ஏமாறுகிறீர்கள்.

சாதனம்

பிரஷர் குக்கரில் குழாய் மாட்டி வடிக்கும் வீடியோக்கள் நிறைய உண்டு. ரோஜாவுக்கோ எலுமிச்சைப் புல்லுக்கோ எப்படியோ, பிசினுக்கு அது ஆபத்து. கோந்து கரைந்த தண்ணீர் சோப்பு நுரை மாதிரி பொங்கி மேலேறும். நுரையோடு போகும் ரெசின் குழாயில் உறைந்து வழியை அடைக்கும். அடைபட்டால் அழுத்தம் ஏறும். போதாக்குறைக்கு ரப்பர் கேஸ்கெட்டும் ரப்பர் குழாயும் எண்ணெயை உறிஞ்சி ஊதிப்போகும்.

தொடங்குபவர்களுக்கு ஏற்றது கண்ணாடியாலான கிளெவஞ்சர் அமைப்பு: ஆவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சர், சேரும் எண்ணெயை அளக்கும் குழாய், தண்ணீரைக் குடுவைக்கே திருப்பும் வழி மூன்றும் அதில் உண்டு. கல்லூரி ஆய்வகங்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். 'தண்ணீரைவிட லேசான எண்ணெய்க்கு' என்று சொல்லி வாங்குங்கள். குந்திரிக்க எண்ணெய் மிதக்கும் ரகம், அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. கனமான எண்ணெய்க்கான அமைப்பு வேறு. இதோடு 2 லிட்டர் போரோசிலிகேட் (சூடு தாங்கும் கண்ணாடி) வட்டக் குடுவை, அதற்கேற்ற ஹீட்டிங் மேண்டில் (குடுவையைச் சுற்றிப் பிடித்துச் சூடாக்கும் மின் அடுப்பு), ஒரு ஸ்டாண்டு, இரண்டு கிளாம்ப், டெசர்ட் கூலரில் போடும் சின்னப் பம்ப், 20 லிட்டர் பக்கெட். கேஸ் அடுப்பு வேண்டாம். பைனீனின் ஆவி 33 டிகிரியிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். சேலத்தில் மார்ச் மாதமே அறை வெப்பம் அதைத் தாண்டிவிடுகிறது.

சாதனம் வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி சாராயம் வடிக்கும் கருவி வைத்திருப்பதே குற்றம். பின்கட்டில் குடுவையும் குழாயும் கொதிப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பிசின் மூட்டையும் பில்லும் அருகில் இருந்தால் விளக்குவது எளிது.

வடிக்கும் நாள்

முந்தின இரவே 100 கிராம் பிசினை டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். இரண்டு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களையும் கூடவே உறைய வையுங்கள், அவை குளிர்விப்பதற்கு. கோடையில் சேலத்து மாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் கை வைக்க முடியாத சூடு. அதில் கண்டென்சர் வேலை செய்யாது. விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் பெரும்பகுதி முடிந்துவிடும்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, இரும்பு உரலில் இடியுங்கள். ரவை அளவு வந்தால் நிறுத்திவிடலாம். மிக்ஸியில் அரைத்தால் பிளேடு சூட்டில் பிசின் இளகி ஒட்டிக்கொள்ளும். மிக்ஸி ஜாரில் கமகமவென்று மணந்தால் அது நீங்கள் இழந்த எண்ணெய். மாவாகப் பொடிப்பதும் தவறு. மாவு தண்ணீரில் பட்டதும் உருண்டையாகத் திரண்டு, நடுப்பகுதிக்கு நீராவியே எட்டாது. இடித்ததை அரை மணி நேரத்துக்குள் குடுவையில் சேர்க்க வேண்டும்.

குடுவையில் 900 மில்லி ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிப் பொடியைத் தூவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். உப்புப் படிந்து குடுவை மங்கும், மேண்டில் சூடு சீராக ஏறாது. பிசினும் தண்ணீரும் சேர்ந்து குடுவையின் பாதியைத் தாண்டக் கூடாது. மேலே இருக்கும் காலியிடம் நுரைக்கானது. ஐந்தாறு பீங்கான் சில்லுகளை இப்போதே போட்டுவிடுங்கள். கொதிக்கத் தொடங்கிய பின் போட்டால் குபீரென்று பொங்கி மேலே அடிக்கும்.

கிளெவஞ்சரின் அளவுக் குழாயில், திரும்பும் வழியாகக் குடுவைக்குள் வழியும் வரை தண்ணீர் நிரப்புங்கள். இதை மறந்தால் முதல் எண்ணெய் மறுபடி குடுவைக்கே போய்விடும். கண்டென்சரின் மேல்வாய் திறந்தே இருக்கட்டும். மணம் வீணாகிறது என்று பஞ்சோ கார்க்கோ வைத்து அடைக்கும் ஆசை வரும். அடைத்த கண்ணாடி வெடிக்கும்.

பம்பை ஓடவிட்டு, பக்கெட்டின் குளிர்ந்த நீர் கண்டென்சரின் பக்கவாட்டுக் கீழ்க்குழாயில் ஏறி மேல்குழாயில் வெளியேறுவதைப் பார்த்த பின்தான் சூடு. முதல் அரை மணி நேரம் பக்கத்தைவிட்டு நகராதீர்கள். 80 டிகிரியைத் தாண்டும்போது வெள்ளை நுரை கிளம்பும். கழுத்தின் அடிவரை வந்தால் மேண்டிலைக் குறைத்து, தணிந்ததும் கூட்டுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் நுரை அடங்கிவிடும். பிறகு நிமிடத்துக்கு 2 முதல் 3 மில்லி நீர் சொட்டும் வேகத்தில் நிறுத்துங்கள். வேகத்தைக் கூட்டினால் எண்ணெய் கூடாது. கண்டென்சர் தாங்காமல் ஆவி வெளியே போகும். அறை முழுக்க மணக்கிறதா, கண்டென்சரின் மேல் பாதி கைக்குச் சூடாக இருக்கிறதா? உறைந்த பாட்டிலைப் பக்கெட்டில் இறக்குங்கள்.

முதல் மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் எண்ணெய் வந்துவிடும். அது லேசான பங்கு, கூர்மையான மணம். 'போதும்' என்று அங்கேயே நிறுத்துபவர்களின் எண்ணெய் டர்பன்டைன் மாதிரி இருக்கும், அரை மணியில் மணம் ஓடிவிடும். கனமான, மண்வாசமும் இனிப்பும் கலந்த பங்கு நாலாவது, ஐந்தாவது மணியில்தான் சொட்டுச் சொட்டாக ஏறும். குழாயில் எண்ணெய் மட்டம் ஒரு மணி நேரம் ஏறாமல் நின்றால் முடிந்தது என்று பொருள். 100 கிராமுக்கு 4 முதல் 7 மில்லி நல்ல விளைவு. 3க்குக் கீழே என்றால் பிசின் பழசு, அல்லது அடியில் கட்டிபிடித்துவிட்டது.

ஏற்காட்டில் வடிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதிக்கும். கனமான பங்கு மெதுவாக வரும். ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டுங்கள். அதற்கு ஈடாக, மார்கழி, தை மாதங்களில் அங்கே குழாய்த் தண்ணீரே போதும், ஐஸ் தேவையில்லை.

கரண்ட் போனால் மேண்டிலும் பம்பும் ஒன்றாக நின்றுவிடும், அதனால் பெரிய ஆபத்தில்லை. திரும்ப வந்ததும் அப்படியே முழுச் சூட்டில் ஓட்டக் கூடாது. ரெசின் அடியில் தட்டையாக உறைந்திருக்கும், பழைய பீங்கான் சில்லுகள் வேலை செய்யாது. குடுவை ஆறியிருந்தால் புதுச் சில்லுகள் போட்டு, குறைந்த சூட்டில் ரெசின் இளகும் வரை பொறுத்து மேலேற்றுங்கள். அவசரப்பட்டால் அடி ரெசின் கருகும். கருகல் வாடை எண்ணெயில் ஏறிவிட்டால் அதைப் போக்க வழியில்லை.

முடிந்ததும் எண்ணெயை இறக்குவது இருக்கட்டும், முதலில் குடுவை. சூடு ஆறுமுன், தடித்த கையுறையோடு, மிச்சத்தைப் பழைய தகர டப்பாவில் கொட்டுங்கள். ஆறவிட்டால் ரெசின் கல்லாக இறுகிக் குடுவையை உடைத்தால்தான் வரும். சிங்கில் ஊற்றினால் குழாயே அடைபடும். ஒட்டியிருப்பதைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, கடைசியில் ஸ்பிரிட் விட்டு அலசலாம். டப்பாவில் உறைந்ததைக் காயவைத்துத் தணலில் போட்டால் மிதமான புகை வரும். போஸ்வெல்லிக் அமிலம் அதில்தான் இருக்கிறது என்று சொன்னோமே என்று அதை யாரும் விழுங்கிப் பார்க்க வேண்டாம்.

எண்ணெயைச் சிறு கண்ணாடிப் புட்டியில் இறக்கி, ஓர் இரவு ஃப்ரீசரில் நிறுத்துங்கள். கலந்திருக்கும் தண்ணீர் அடியில் உறையும், எண்ணெய் உறையாது. மேலாக ஊற்றி எடுத்துவிடலாம். புதிதாக வடித்ததில் கொஞ்சம் வேகவைத்த நெடி இருக்கும். மூடியைத் தளர்த்தி, குளிர்ந்த இடத்தில் சில நாள் வைத்தால் போய்விடும்.

பயன்படுத்துவது

நேராகத் தோலில் தடவக் கூடாது. 1 மில்லி என்பது சுமார் 20 சொட்டு. முகத்துக்கு 1 சதவீதம்: 10 மில்லி நல்லெண்ணெய் அல்லது பாதாம் எண்ணெயில் 2 சொட்டு. கை கால், தோள்பட்டை நீவ 2 சதவீதம்: 30 மில்லியில் 12 சொட்டு. இதற்கு மேல் கூட்டுவதால் பலன் கூடாது, அரிப்புக்கான வாய்ப்புதான் கூடும். கலந்ததை முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

டிஃப்யூசரில் (தண்ணீரோடு எண்ணெயை மெல்லிய பனியாக்கி அறையில் மணம் பரப்பும் கருவி) 100 மில்லி தண்ணீருக்கு 3 முதல் 5 சொட்டு, அரை மணி நேரம், ஜன்னல் திறந்திருக்கட்டும். பிசின் கட்டியை டிஃப்யூசரில் போட்டுப் பழுதாக்கியவர்கள் உண்டு. குளிக்கும் தண்ணீரில் சொட்டுவதும் பயனில்லை. எண்ணெய் மிதந்து, பட்ட இடத்தில் மட்டும் எரியும். தேவாலயத்துத் தூப மணம் வீட்டில் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தூபத்தின் கனத்த மணம் ரெசின் எரிவதால் பிறப்பது. எண்ணெயில் அது கிடையாது. அந்த மணம் வேண்டுமென்றால் தணலில் பிசினே போதும், வடிக்கிற வேலை தேவையில்லை.

உள்ளுக்குக் குடிக்க வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் அறையில் தவிர்த்துவிடுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எண்ணெயும் வேண்டாம், புகையும் வேண்டாம். தலை காயப் புகை காட்டும் வழக்கம் நம் வீடுகளில் ஆழமானது என்றாலும், பிஞ்சு நுரையீரலுக்கு எந்தப் புகையும் நல்லதில்லை. பூனை வளர்ப்பவர்கள் அது இருக்கும் அறையில் டிஃப்யூசர் ஓட்டாதீர்கள். இவ்வகை எண்ணெய்களைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனைக்குக் குறைவு.

வாங்கிய எண்ணெயைச் சோதிக்க

வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். சமையல் எண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க்கறை விளிம்போடு நிற்கும். வடித்த எண்ணெய் கிட்டத்தட்ட மறைந்திருக்கும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுக் குலுக்கினால் மேலே மிதக்க வேண்டும். பால் போலக் கலங்கி அப்படியே நின்றால் வேறு சேர்மானம் இருக்கிறது. ஆனால் டர்பன்டைன் கலப்பை வீட்டில் எந்தச் சோதனையிலும் பிடிக்க முடியாது, இரண்டிலும் பைனீன்தான். எண்ணெயில் எந்தெந்தப் பொருள் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஆய்வகத்தின் ஜி.சி.எம்.எஸ். அறிக்கையை விற்பவரிடம் கேளுங்கள்; பாட்டிலில் இருக்கும் தொகுப்பு எண்ணும் அறிக்கையில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். 'தைலம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது நல்லெண்ணெயில் பிசின் காய்ச்சியதாக இருக்கலாம். அது கலப்படமல்ல, வேறு பொருள். டிஃப்யூசரில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

வைத்திருப்பது

பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி, கழுத்துவரை நிரம்பியது, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு. பிளாஸ்டிக் இளகும், டிராப்பரின் ரப்பர் குமிழை மாட்டியபடியே வைத்தால் ஊதி ஒட்டிப்போகும், ஆகவே திருகு மூடி போதும். பாதி காலியான பாட்டிலில் காற்று புகுந்து எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும். அப்படிப் பழையதானது தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். தடிப்பாகி, பெயின்ட் வாடை வந்தால் தடவப் பயன்படுத்தாதீர்கள். உரலில் ஒட்டிய பிசினைத் துடைக்க அது நன்றாக உதவும். புட்டியில் பிசினின் பெயர், வாங்கிய கடை, வடித்த தேதி, எத்தனை கிராமுக்கு எத்தனை மில்லி என்று எழுதி ஒட்டுங்கள். நண்பர்களுக்குக் கொடுப்பதோடு நிற்காமல் விற்கப் போகிறீர்கள் என்றால், அழகுப் பொருளாகவோ மருந்தாகவோ தயாரிக்க உரிமம் தேவை. 'வலி போக்கும்' என்று லேபிளில் ஒரு வார்த்தை எழுதினாலே அது மருந்துக் கணக்கில் போய்விடும்.